மேயரின் தட்டு

அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கேக் மாவு நிறுக்கிற தராசில்
வால் ஒருபுறம் வழிய
எங்கள் தாடி ஓணான்
பதவிக்குப் பொருந்தாத நாற்காலியில்
உட்காரவைத்துவிட்டதுபோல் பார்த்தார்.
பெயர் மேயர்.
தொப்பையைக் கண்டு க்ளைவ் வைத்தது.

கண்ணுக்குப் பின்னால் புடைத்த மேடுகளை
விரலால் அழுத்திவிட்டு
டாக்டர் ஹெடி லங்காஸ் சொன்னாள்:
"இது கம்பீரமில்லை, கொழுப்பு.
ஈரலையும் எட்டியிருக்கும்.
புழுவை நிறுத்து, ப்ரோன்வின்.
இலை கொடு."

கால்கூர்லியில் இலை என்பது
அறுநூறு கிலோமீட்டர் லாரியில் வருவது.
புதன்கிழமை கடைக்குள் நுழைந்தால்
வியாழன் வாடிவிடும்.
இரவு ஷிஃப்ட் முடிந்து
முட்டிவரை செம்மண்ணோடு
காய்கறி வரிசையில் நிற்கிறேன்.
இருநூறு டன் பாறையை ஏற்றி
குழியின் விளிம்பில் வண்டியைத் திருப்பத் தெரியும்;
ஒரு கட்டுக் கீரையில்
கை தயங்குகிறது.

பசலை வேண்டாம்,
கொடுக்கும் சுண்ணாம்பைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளுமாம்.
லெட்யூஸ், பச்சைச் சாயம் பூசிய தண்ணீர்.
அவகாடோ நஞ்சு.
கடுகுக்கீரை சரி. எண்டைவ் சரி.
பூசணியைத் துருவ வேண்டும்.
பாச்சை வாரம் இரண்டு நாள்,
அதுவும் அவருடைய இரு கண்ணுக்கும்
இடையிலுள்ள தூரத்தைத் தாண்டாத பாச்சை.
(அளக்கப் போனேன். தாடி கறுத்தது.)
பையில் போட்டு
சுண்ணாம்புப் பொடியோடு குலுக்கினால்
மாவு மில்லிலிருந்து வீடு திரும்பும்
ஆட்களைப்போல் வெளியே வருகின்றன.

முதல் நாள் தட்டின்மேல் நடந்து போனார்.
இரண்டாம் நாள் தட்டிலேயே படுத்தார்.
மூன்றாம் நாள்
கீரைமேல் செய்யக்கூடாததைச் செய்தார்.
புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம்.
இவர் புலியும் இல்லை,
பசித்த மாதிரியும் இல்லை.

ஒன்பதாம் நாள் தராசில் ஏற்றினேன்.
அறுநூற்றுப் பதினான்கு.

காற்றைத் தின்று
யாரும் இரண்டு கிராம் கூடுவதில்லை.

க்ளைவ் கெட்டிலைப் போட்டான்,
தண்ணீர் இல்லாமல்.
பிறகு சொன்னான்,
முதுகைக் காட்டிக்கொண்டே:
"டப்பாவைக் குலுக்கினால்
கண்ணாடிவரைக்கும் ஓடி வர்றான்.
புழுவுக்குத்தான். எனக்குத் தெரியாதா.
இருந்தாலும், ஓடி வர்றான் இல்ல."

சுரங்கத்தில் முதுகு போய்
பதினான்கு மாதமாக வீட்டில் இருக்கிறான்.
நான் வரும்போது தூங்குகிறான்.
நான் தூங்கும்போது விழித்திருக்கிறான்.
வாசலுக்கு நான் ஓடி வந்து
எத்தனை நாள் ஆயிற்று என்று
எண்ணப் பார்த்தேன்,
வேண்டாமென்று விட்டேன்.
புழு டப்பாவை அவனே எடுத்துக்கொண்டு போய்
பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டினான்.
கோழிகள் ஓடி வந்தன.

நாக்கைக் காட்டிக்கொடுத்தது
என் வேலைச் சட்டை.
விளக்கடியில் குனிந்தபோது
மஞ்சள் பட்டையை ஒரு நக்கு.
யோசித்தார். இன்னொரு நக்கு.
மஞ்சள்!
துணிக்கொடிக்குக் கீழே, சிமெண்ட் வெடிப்பில்,
களையென்று நான் பிடுங்க நினைத்துப்
பிடுங்காமல் விட்ட டேண்டெலியன்.
க்ளைவ் குனிய முடியாமல் குனிந்து
ஒரு பூவைக் கிள்ளி வந்தான்,
கழுவினான், நீட்டினான்.

மேயர் தலையைச் சாய்த்தார்.
ஒரு முன்னங்காலைத் தூக்கி
மெதுவாகச் சுழற்றினார்.
ஓணான் பாஷையில் அதற்குப் பணிவு என்று அர்த்தம்.
நாங்கள் நம்பவில்லை.
பிறகு, டப்.
பூ இல்லை.
தாடியில் ஒரே ஒரு இதழ் மட்டும்
ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பூவுக்கடியில் ஒரு இலை ஒளித்தோம்.
அதற்கடுத்த நாள் இரண்டு.
கண்டுபிடித்துத் துப்பியதும் உண்டு.

மிஞ்சிய எண்டைவை
க்ளைவ் கடித்துப் பார்த்தான்.
"கசக்குது. நானாயிருந்தா ஓடி வரமாட்டேன்."
இரண்டாவது இலையையும் எடுத்தான்.

குளிர்பெட்டிக் கதவில்
பென்சிலால் எழுதியிருக்கிறது: 598.
என் கையெழுத்து இல்லை.